போனவர் வீட்டு வாசல்

நீங்கள் மூன்று பேரும் இந்நேரம் என் மேசை லாச்சியைத் திறந்திருப்பீர்கள். உள்ளே அடுக்கி வைத்திருக்கும் அட்டைகளைப் பார்த்து ஒருவர் சிரித்திருப்பார், ஒருவர் தலையில் கை வைத்திருப்பார், மற்றவர் சத்தம் போடாமல் லாச்சியை மூடியிருப்பார். ஒன்றும் பிழையில்லை. அவற்றை எழுதிய காலத்தில் நானும் மூன்றையும் செய்தவன்தான்.

நான் ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகிறது. ஊர்காவற்றுறையில் என் வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். என் இடத்துக்கு மூன்று பேரை எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் தனி ஆளாகச் செய்த வேலைக்கு மூன்று பேர் வேண்டியிருக்கிறது என்பதில் எனக்குள்ள பெருமையை ஒளிக்கப்போவதில்லை. வயது போனவனுக்கு இவ்வளவாவது இருக்கட்டும்.

நம் வேலை என்னவென்று வீட்டில் கேட்டிருப்பார்கள். ஒரு கற்பனை நாவலை வீடியோ கேம் ஆக்கும்போது, நாவலில் உள்ள உலகம் சிதையாமல் கேமுக்குள் வந்து சேர்கிறதா என்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான். வெளிநாட்டுக் கொம்பனிகளில் இதற்கு நீளமான பதவிப்பெயர் வைத்திருப்பார்களாம். எங்கள் ஸ்டூடியோவில் என்னை ‘அட்டை அண்ணை’ என்று கூப்பிட்டார்கள்.

அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். ‘பன்னிரு துறை’ நாவலின் மூன்று பாகங்களும் அங்கேதான் அச்சாகின. ஒவ்வொரு பக்கத்தையும் எழுத்தெழுத்தாக நாலு தரம் வாசித்தவன் நான். அச்சகத்தை மூடியபோது, அந்த நாவலைக் கேமாக்கும் யோசனையோடு ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஸ்டூடியோவின் பொறுப்பாளர் அவர்தான். கேம் என்றால் என்ன, அதை எப்படி விளையாடுவது, எங்கே குறை பிடிப்பது எல்லாவற்றையும் எனக்குப் படிப்பித்தவரும் அவர்தான். பெயர் போட்டால் கோபிப்பார், ஆகவே பொறுப்பாளர் என்றே எழுதுகிறேன்.

நாவலை நீங்கள் வாசித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாசிக்காமல் வேலைக்கு வந்திருந்தால் இந்தக் கடிதத்தை மூடிவிட்டு முதலில் அதை வாசியுங்கள். கடலுக்குள் கிடக்கும் பன்னிரண்டு தீவுகள். நெற்றியில் ஒன்பது விளக்கு எரியும் திமிங்கிலங்கள். உப்புத் தண்ணீர் குடிக்கும் குதிரைகள். அந்தக் காற்றில் இரும்பு ஒரு கிழமைக்கு மேல் நிற்காது, எட்டாம் நாள் தூளாகிவிடும். ஆகவே அங்கே வாளும் இல்லை, ஆணியும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடல் வற்றும். அப்போது சில குடும்பங்கள் கடலின் அடித்தரையில் நடந்து வேறு உலகத்துக்குப் போய்விடும். திரும்பி வரலாம், வராமலும் விடலாம். அவர்களுடைய வீடுகள் மட்டும் அப்படியே நிற்கும்.

இதை எழுதியவர் புங்குடுதீவில் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை. ஊருக்கே அவர் ரீச்சர், ஆகவே எனக்கும் ரீச்சர். கேம் என்றதும் முதலில் சிரித்தார்.

“கேமோ? ஆளை ஆள் சுடுறதுதானே?”

“இதில சுடுறது இல்லை ரீச்சர். உங்கட உலகத்துக்குள்ள நடந்து திரியிறது.”

“நடந்து திரியிறவை கையைக் காலை வைச்சுக்கொண்டு சும்மா இருப்பினமோ?”

அந்தக் கேள்வியை நான் அப்போதே பிடித்திருக்கவேண்டும். பிடிக்கவில்லை. நான் சொன்னது இதுதான்: “ரீச்சர், உங்கட உலகத்தில ஒரு கல்லும் அசையாது. நான் பொறுப்பு.” அவருக்குப் பின்னால் விறாந்தைச் சுவரில் ஏழெட்டு ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுப் பூட்டின் திறப்பு, எந்த வீடு என்று தெரிய வெவ்வேறு நிறத் துணித்துண்டு கட்டித் தொங்கியது. அந்த ஒழுங்கையில் பாதி வீட்டுக்காரர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். திறப்புகள் ரீச்சரிடம். புங்குடுதீவில் இது ஒரு புதினமில்லை என்பதால் நான் அதைப் பார்த்தும் பார்க்காதவனாக இருந்தேன்.

என் வாக்கை நம்பித்தான் அவர் சம்மதித்தார். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கேம் வெளிவருமுன் அவர் பார்த்து, இது தன் உலகம்தான் என்று கையெழுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் வெளிவராது. பதினொரு பேரின் மூன்று வருட உழைப்பு அந்த ஒரு கையெழுத்தில் தொங்கியது.

அந்த மூன்று வருடமும் நாவலில் உள்ள ஒவ்வொரு விபரத்துக்கும் நான் அட்டை எழுதினேன். தீவுக்கு ஒரு கட்டு, குடும்பத்துக்கு ஒரு கட்டு, கொடி, பாட்டு, சாப்பாடு, சாவு, பிரிவு எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கட்டு. திமிங்கிலத்தின் நெற்றியில் ஓவியர் பத்து விளக்கு வரைந்துவிட்டார் என்று இரண்டு நாள் வேலையை நிறுத்தினேன். பத்துத்தான் பார்க்க வடிவாக இருக்கிறது என்றார். புத்தகத்தில் ஒன்பது என்றேன். நாயகியின் மச்சம் கன்னம் மாறிவிட்டது என்று இணையத்தில் குதிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் படைக்கு அப்போது நான்தான் தளபதி. ஓவியர் இன்னும் என்னைக் கண்டால் ஒன்பது விரலைக் காட்டுகிறார்.

வெளியிடுவதற்கு முன் கேமை முழுதாக மூன்று தரம் விளையாடிச் சரி பார்த்தேன். மூன்று தரமும் என் ஆள் பசியில் கிடந்து உழன்றான். கேமில் சாப்பாடும் பொருட்களும் எங்கேயெங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா மீன்பிடித்தவர், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எந்தத் துறையில் இறங்கினாலும் முதலில் தூண்டிலைப் போடுவேன். பன்னிரண்டு தீவையும் மீன் தின்றே முடித்தேன்.

பொறுப்பாளர் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, நீங்கள் நல்ல பிள்ளையா விளையாடுறியள். அது சரிவராது. விளையாடுற ஆக்கள் எல்லாரும் உங்களைப் போல இல்லை.”

என்னைப் புகழ்கிறார் என்று நினைத்து வெட்கப்பட்டேன். சரிபார்ப்புத் தாளில் ‘பிழை இல்லை’ என்று எழுதி, திகதி போட்டு, கையெழுத்தும் வைத்தேன்.

ஒரு காலைநேரம் வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் புங்குடுதீவுக்குப் போனோம். பொறுப்பாளர், நான், எங்கள் புரோகிராமர் நிரோஷன். வெளியிடும் நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. ரீச்சரின் சாப்பாட்டு மேசையில் கொம்பியூட்டரை வைத்து, கையில் கொன்ட்ரோலரைக் கொடுத்தோம். முதல் ஐந்து நிமிடம் அவர் கடலுக்குள் விழுந்துகொண்டே இருந்தார். பிறகு பிடிபட்டுவிட்டது. திமிங்கிலம் வந்தபோது கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு விளக்குகளை எண்ணினார். ஒன்பது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு நான் இன்னும் பத்து வருடம் வேலை செய்திருப்பேன்.

அடுத்ததாக அவர் நாலாவது தீவில் இறங்கினார். துறையை அடுத்து ஒரு வீடு. கடல் வற்றியபோது போன குடும்பத்தின் வீடு. முற்றத்தில் சருகு. ரீச்சர் தன் ஆளை நேரே வாசலுக்கு நடத்திக்கொண்டு போனார். கதவைத் தள்ளினார்.

கதவு திறந்தது.

உள்ளே போனார். மூலையில் ஒரு பெட்டி. அதையும் தொட்டார். மணி அடித்ததுபோல இனிமையான ஒரு சத்தம் கேட்டது, திரையில் எழுத்து வந்தது: ஒரு வெள்ளிக் கொலுசு, மூன்று படி அரிசி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலாம் பாகம், எட்டாம் அத்தியாயம். ‘போனவர் வீட்டு முற்றத்தைக் கூட்டலாம். கிணற்றில் அள்ளலாம். வாசலைத் தாண்டக்கூடாது.’ பிரியாவிடை வழக்கங்கள் என்ற கட்டுக்குள் அந்த அட்டை இருக்கிறது. என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் மூன்று தரம் விளையாடியும் நான் ஒரு தரமாவது ஒரு வெறும் வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை. தள்ளலாம் என்ற நினைப்பே வரவில்லை. தீவுப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பூட்டிக் கிடக்கும் வீடு பார்த்துவிட்டுக் கடந்துபோகிற ஒன்று. உலகம் முழுக்கக் கேம் விளையாடுகிறவர்கள் முதலில் செய்வது கண்ட கதவையெல்லாம் திறந்து கண்டதையெல்லாம் எடுப்பதுதான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டுந்தான் தெரியாமல் இருந்தது. எங்கள் கேமில் அப்படி அறுபத்திரண்டு வீடுகள். மீன் பிடிக்கத் தெரியாதவன் பிழைப்பதற்கான சாப்பாடு முழுவதும் அவற்றுக்குள்ளேதான் இருந்தது.

ரீச்சர் கொன்ட்ரோலரை மேசையில் வைத்தார்.

“ஆரின்ரை வீடு இது?”

“சும்மா ஒரு வீடு ரீச்சர்,” என்றான் நிரோஷன்.

“சும்மா வீடு எண்டு ஒண்டு இல்லைத் தம்பி.”

பிறகு என்னைப் பார்த்தார். “நீர் பிழை இல்லை எண்டு எழுதித் தந்தனீர்.”

“ஓம் ரீச்சர்.”

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து எங்கள் மூன்று பேருக்கும் தந்தார். கோப்பைகளை எடுக்கும்போதுதான் சொன்னார்.

“திமிங்கிலத்தை அப்பிடியே வைச்சிருக்கிறியள். குதிரையும் நல்லாயிருக்கு. ஆனா அதுகள் நான் இருந்து யோசிச்சுக் கட்டினதுகள். பத்து விளக்கெண்டாலும் எனக்கு ஒண்டும் இல்லை. இந்த வாசல் நான் கட்டினது இல்லை. இதை மாத்திப்போட்டு என்ரை பேரைப் போட ஏலாது.”

சுவரில் திறப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்பது விளக்குக்கு இரண்டு நாள் வேலையை நிறுத்தியவன் நான்.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு உங்களிடமும் யாராவது அட்டைகளைக் காட்டி எல்லாம் சரி என்பார்கள். மச்சமும் கொடியும் விளக்கும் யாருக்கும் தெரியும் சங்கதிகள். பிழை விட்டால் வாசகர்களே எழுதிக் குதறிவிடுவார்கள். ஒரு கதையில் எது பிடுங்கினால் மற்றதெல்லாம் சரியுமோ, அதைக் கண்டுபிடிக்க எண்ணிப் பார்த்துப் பயனில்லை. எழுதியவருக்கு எது நோகும் என்று யோசிக்கவேண்டும். நான் யோசிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது வான் பாலத்தைக் கடந்தது. பிறகு நிரோஷன்தான் தொடங்கினான்.

“அறுபத்திரண்டு கதவையும் பூட்டிவிடுவம். ஒரு நாள் வேலை. சாப்பாட்டைக் கடையில வைப்பம்.”

“அந்த உலகத்தில இரும்பு இல்லை,” என்றேன். “பூட்டு எங்கையிருந்து வரும்?”

“அப்ப திறக்காத கதவாக் கீறிவிடுவம். சுவர் மாதிரி.”

அதுதான் சுலபம். வெளியிடும் நாளும் தப்பும், ரீச்சரும் ஒருவேளை ஒப்புக்கொள்வார். என் மானமும் பிழைக்கும். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றுவரை வீட்டில் தவிர வேறெங்கும் நான் வாயால் சொல்லாத விஷயம்.

அடுத்த நாள் காலையில் ஸ்டூடியோவில் பதினொரு பேருக்கும் முன்னால் அதைச் சொன்னேன். எங்கள் பக்கத்து வீட்டார் கனடாவில். திறப்பு எங்களிடம். சனிக்கிழமைகளில் முற்றம் கூட்டி, யன்னல்களைத் திறந்து காற்றாட விடுவது என் வேலை. அதற்காகத்தான் திறப்புத் தந்தார்கள். என் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று, விருந்துக்கு வீட்டில் கதிரை போதவில்லை. பாதரும் வந்து நிற்கிறார். நான் ஓடிப்போய் அந்த வீட்டைத் திறந்து நாலு கதிரையை எடுத்துக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் துடைத்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். போன் எடுத்துக் கேட்டிருந்தால், நாலென்ன பத்தும் எடுங்கோ என்றிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அந்த வீட்டுக்கு அடுத்த பக்கத்தில் இருக்கும் மரியக்கா, நான் கதிரையோடு போவதை வேலிக்கு மேலால் கண்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. என்னோடு கதைப்பதை மட்டும் விட்டுவிட்டார். நாலு மாதம். கோயிலில் கண்டால் எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பார். நான் சனிக்கிழமைதோறும் கூட்டிக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்ய?

“எனக்கு அந்த வீட்டுத் திறப்பே கையில இருந்தது,” என்றேன் நிரோஷனிடம். “கதவு திறந்தது. அதாலதான் அது பிழை. திறக்க ஏலாத கதவெண்டால் நான் நல்லவனா கெட்டவனா எண்டு ஆருக்குத் தெரியும்? நீர் சுவர் கட்டினால் ரீச்சரின்ரை சட்டம் அங்கை இல்லை. கதவு திறக்கட்டும். கொலுசும் அங்கையே இருக்கட்டும். எடுக்கிறவன் எடுக்கட்டும். அயல் சனம் பார்த்துக்கொண்டிருக்கும்.”

“எடுத்தால் என்ன தண்டனை அண்ணை? புள்ளி குறைக்கிறதோ? காவல்காரர் வந்து பிடிக்கிறதோ?”

“ஒண்டும் இல்லை. அந்தத் தீவில ஒருத்தரும் அவனோட கதைக்கமாட்டினம்.”

“அவ்வளவுதானோ?”

“நாலு மாதம் இருந்து பாரும், அவ்வளவுதானோ எண்டு தெரியும்.”

அப்படியென்றால் எடுக்காதவனுக்குச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். முற்றத்தைக் கூட்டுகிறவனை அயல்வீட்டார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்றேன். எனக்கு மரியக்கா வீட்டிலிருந்து அதற்கு முன் முருங்கைக்காயும் கணவாய்க் கறியும் வராத சனிக்கிழமை இல்லை. அறுபத்திரண்டு வீட்டுக்கும் அறுபத்திரண்டு அயலவர் வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு முகமும் பேச்சும் வேண்டும். நிரோஷன் கணக்குப் பார்த்து ஐந்து கிழமை என்றான். இருந்தது இரண்டு.

என் பிழைக்காகப் பதினொரு பேர் நாள் பிந்தவேண்டும், வெளியிடும் நாளை எல்லோருக்கும் அறிவித்தாகிவிட்டது. நான் முதல் நாள் இரவே எழுதி வைத்திருந்த விலகல் கடிதத்தைப் பொறுப்பாளரிடம் நீட்டினேன். வாசித்தார். மேசையில் போட்டு அதன்மேல் தன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

“இப்ப நீங்கள் போனால் அறுபத்திரண்டு பேரின்ரை கதையை ஆர் எழுதுறது? போய் இருங்கோ அண்ணை. நாளைப் பிந்திப் போடுறது என்ரை வேலை.”

அவர் வெளியே போய்ப் போன் எடுத்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று யாரிடமோ அரை மணி நேரம் ஏச்சு வாங்கினார். உள்ளே வந்தபோது முகத்தில் ஒரு அடையாளமும் இல்லை. “அஞ்சு கிழமை,” என்றார், அவ்வளவுதான். அப்படி ஒருவருக்குக் கீழே வேலை செய்தேன் என்பதைச் சொல்லும்போது இப்போதும் என் நெஞ்சு நிமிரும்.

எழுதினோம். அறுபத்தோரு பேர் சுலபமாக வந்தார்கள். கடைசி ஆளான நாலாவது தீவின் அயல்வீட்டுப் பெண்ணிடம் சிக்கிவிட்டேன். கொலுசை எடுத்தவன் அதைத் திரும்ப வைத்தால்? அதற்குப் பிறகும் அயல் கதைக்காதா? எப்போது கதைக்கும்? என்ன சொல்லும்? மூன்று பாகத்தையும் திரும்பப் புரட்டினேன். ரீச்சர் அதை எழுதவில்லை. சட்டம் இருக்கிறது, மீறினவனை அயல் ஒதுக்குவதும் இருக்கிறது, ஒதுக்கப்பட்டவன் திரும்பி வருவது இல்லை. புத்தகத்தில் இல்லாத ஒரு வரியையும் உள்ளே விடமாட்டேன் என்று மூன்று வருடம் ஆட்டம் போட்ட நான், இப்போது புத்தகத்தில் இல்லாத ஒரு வரியை எழுதவேண்டும். அப்படியே விட்டுவிடலாம், ஒதுக்கப்பட்டவன் ஒதுக்கப்பட்டவனாகவே போகட்டும் என்றும் நினைத்தேன். அது ரீச்சரின் புத்தகத்துக்கு உண்மையாக இருந்திருக்கும். எனக்குத் தெரிந்த அயலுக்கு உண்மையாக இருந்திராது. ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, அந்த நாலு மாதத்துக்குப் பிறகு நான் என் காதால் கேட்டது எதுவோ அதை எழுதினேன்.

ஐந்து கிழமை கழித்துத் திரும்பவும் ரீச்சரின் சாப்பாட்டு மேசை. அதே மூன்று பேர். ரீச்சர் இந்தமுறை கடலுக்குள் விழவில்லை. நாலாவது தீவில் இறங்கி, அதே வீட்டு வாசலுக்குப் போய், கதவைத் தள்ளினார். திறந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

உள்ளே போனார். சுருட்டி வைத்த பாய். கழுவிக் கவிழ்த்த கோப்பை. சுவரோரம் ஒரு சின்னப்பிள்ளையின் செருப்பு, ஒற்றை. பெட்டிக்குள் கொலுசு.

“எடுக்கலாமோ?”

“எடுக்கலாம் ரீச்சர்.”

எடுத்தார். இனிமையான சத்தம் ஒன்றும் வரவில்லை. வெளியே வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ரீச்சர் துறைக்குப் போனார், வலை பின்னுகிறவன் முகத்தைத் திருப்பினான். கிணற்றடியில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். ரீச்சர் வீட்டுக்குத் திரும்பி வந்து கொலுசைப் பெட்டிக்குள் வைத்தார். அயல்வீட்டுப் பெண் வெளியே வரவில்லை.

“திருப்பி வைச்சிட்டனே. இன்னும் ஏன் கதைக்கிறா இல்லை?”

நிரோஷன் மேசைக்குக் கீழே விரல்களைப் பின்னிப் பிடித்திருந்தான்.

ரீச்சர் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மரத்தடியில் விளக்குமாறு கிடந்தது. எடுத்தார். கூட்டினார். கேமில் ஒரு பகல் கழிந்தது, சருகு திரும்பவும் விழுந்தது, திரும்பவும் கூட்டினார். இரண்டாம் பகலும் போயிற்று. பொறுப்பாளர் போட்டுக்கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை அவர் தொடவில்லை. மூன்றாம் பகல் பாதியில் வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது.

“வெயிலுக்குள்ள நிண்டு கூட்டாமல் வந்து தண்ணி குடியும்.”

ரீச்சரின் கை நின்றுவிட்டது.

“இது என்ரை புத்தகத்தில இல்லை,” என்றார்.

“இல்லை ரீச்சர்,” என்றேன்.

“ஆர் எழுதினது?”

நிரோஷனும் பொறுப்பாளரும் என் பக்கம் திரும்பினார்கள். காட்டிக்கொடுப்பதில் அவ்வளவு ஒற்றுமை.

“நான் எழுதியிருக்க வேணும்,” என்றார் ரீச்சர். “மூண்டு பாகம் எழுதினன். போனவையை எழுதினன், ஒதுக்கினவையை எழுதினன். தண்ணி குடுக்க ஒருத்தியை விடேல்லை.” கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். “உமக்கு நடந்ததோ?”

“ஓம்.”

“என்ன எடுத்தனீர்?”

“நாலு கதிரை.”

அவர் சிரித்தார். நான் அவரைத் தெரிந்த காலத்தில் அப்படிச் சிரித்ததைக் கண்டதில்லை. “நாலையும் ஒரே தரத்தில தூக்கினனீரோ?”

“இல்லை ரீச்சர். ரெண்டு தரம் ஓடினனான்.”

பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். வெளியே வந்து வானில் ஏறும்வரை நாங்கள் பெரிய மனிதர்களாக நடந்தோம். ஏறிக் கதவைச் சாத்தியதும் நிரோஷன் போட்ட கூச்சலில் சாரதி பிரேக்கை மிதித்துவிட்டார்.

கேம் நாவலுக்கு உண்மையாக இருக்குமா என்று கலியாண வீட்டிலும் பஸ்ஸிலும் உங்களைக் கேட்பார்கள். நானும் பெரிய பதில்கள் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. இப்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். பஸ் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேரவும் கதை முடியவும் சரியாக இருக்கும்.

இன்னும் ஒன்று. ரீச்சரின் நாலாம் பாகம் போன கிழமை எனக்கு வந்தது. உங்களுடைய அடுத்த கேம் அதுதான். ஆறாம் அத்தியாயத்தில் ஒருவன் வருகிறான். மகளுடைய விருந்துக்கு இருக்கை போதாமல், போனவர் வீட்டுக்குள் புகுந்து, நாலு கதிரைகளையும் ஒரே தரத்தில் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடக்கிறான். வேலிக்கு மேலால் ஒருத்தி பார்க்கிறாள். அதை வாசித்துவிட்டு என் மனைவி என் தோள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அவனுக்கு ஒரு அட்டை எழுதி லாச்சியில் வையுங்கள். நாலு கதிரை, ஒரே தரம். உண்மையில் இரண்டு தரம் என்று யாராவது வந்து வாதாடினால், அது நானாகவே இருந்தாலும், புத்தகத்தைக் காட்டித் திருப்பி அனுப்புங்கள்.